ஆய்வகக் கருவிக்குத் தாங்கு சட்டகம் வடிவமைத்தல்: பயிற்சிப் பொறியாளருக்கான முழுமையான வழிகாட்டி

இயந்திரவியல் மாணவர் ஒருவர் பயிற்சிக்காக ஓர் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் அவர் கையில் முதலில் கொடுக்கப்படும் வேலை பெரும்பாலும் ஒரு ஸ்டாண்டு செய்வதாகத்தான் இருக்கும். இத்தனை கிலோ எடையுள்ள கருவிக்கு ஒரு இரும்புச் சட்டகம் வரைந்து தாருங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். கல்லூரியில் படித்த விட்டக் கணக்கு கையில் இருப்பதால், மாணவரும் அன்று மாலையே தகைவைக் (இரும்பின் ஓர் அலகுப் பரப்பில் உண்டாகும் விசையை) கணக்கிட்டு, பாதுகாப்புக் குணகம் நான்கு வருகிறது, அதாவது தேவையைப்போல நான்கு மடங்கு தாங்கும் என்று மகிழ்ச்சியோடு வந்து நிற்பார். பல ஆண்டுகளாக இத்தகைய மாணவர்களோடு வேலை செய்தவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஆய்வகச் சட்டகம் உடைந்து விழுவது மிக அரிது. அது ஆடும், அதிரும், சாயும், கதவுக்குள் நுழையாது, அடியில் கூட்டிப் பெருக்க முடியாது. ஆகவே பலத்தைக் கணக்கிடுவதில் செலவிடும் நேரத்தைப்போல மூன்று மடங்கு நேரத்தை விறைப்புக்கும் (சுமையில் வளையாமல் நிற்கும் தன்மைக்கும்) நிலைப்புக்கும் (கவிழாமல் நிற்கும் தன்மைக்கும்) இடத்துக்கும் கொடுக்க வேண்டும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் எடுத்துக்காட்டை இறுதிவரை கொண்டுசெல்கிறேன். காவிரிப் படுகையில் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்து நிற்கிறது. நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதத்துக்கு 17 விழுக்காடு என்ற வரம்பு இருக்க, களத்தில் குவிந்த நெல் 20க்கு மேல் காட்டுவதும், தளர்வு கேட்டு விழிப்பதும் இங்கே ஆண்டுதோறும் நடப்பவை. அதனால் தஞ்சை, திருவாரூர்ப் பகுதி ஆய்வகங்களில் நெல் உலர்த்தும் சோதனைக் கருவிக்கு எப்போதும் தேவை உண்டு. நம் எடுத்துக்காட்டும் அதுவே: 300 மி.மீ. சதுரமும் 1100 மி.மீ. உயரமும் கொண்ட நெடிய உலர்த்துக் கலம், அதற்குச் சூடான காற்றை அனுப்பும் ப்ளோயர், ஹீட்டர் பெட்டி, கட்டுப்பாட்டுப் பெட்டி.

கருவியை எடை போடுதல்

முதல் வேலை, சொல்லப்பட்ட எடையை நம்பாமல் அதைப் பிரித்து எழுதுவது. மொத்தம் 240 கிலோ என்று சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால் வெறும் கலம் 90, அதனுள் நிரம்பும் ஈர நெல் 60, ப்ளோயரும் மோட்டாரும் 45, ஹீட்டர் பெட்டி 25, கட்டுப்பாட்டுப் பெட்டி 20. நெல்லின் எடை எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 0.1 கன மீட்டர். ஈர நெல்லைக் கன மீட்டருக்கு 600 கிலோ என்று வைத்துக்கொண்டோம். நாளை யாராவது அதே கலத்தில் வேறு தானியத்தை நிரப்பினால், எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எடைக்கு அடுத்து, ஒவ்வொரு பகுதியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அது எத்தனை கால்களில் எந்த இடைவெளியில் நிற்கிறது, எது சுழல்கிறது, எது சூடாகிறது, எது காலியாவதும் நிரம்புவதுமாக இருக்கிறது ஆகியவற்றையும் அதே தாளில் குறியுங்கள். கடைசியாகச் சொன்ன நிரம்புதலும் காலியாதலும் பிறகு நமக்குப் பெரிய சிக்கலைக் கொண்டுவரப் போகிறது. கருவி உங்கள் கண்ணெதிரே இருந்தால் விவரப் பட்டியலை ஒதுக்கிவிட்டு டேப்பை எடுங்கள். கருவியின் கால்துளைகள் பட்டியலில் உள்ளபடியே இருக்கும் என்று எண்ணி வரைந்து, பிறகு துளையை நீளவாக்கில் அராவிய சட்டகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இடத்தைப் பார்த்தல்

வரையத் தொடங்கும் முன் சட்டகம் நிற்கப்போகும் அறைக்கு ரசமட்டம், டேப், சாக்பீஸ் ஆகியவற்றோடு ஒரு முறையும், அங்கே வேலை செய்யும் ஆய்வக உதவியாளரோடு இன்னொரு முறையும் போய்வர வேண்டும். டெல்டாவின் வண்டல் களிமண், தண்ணீர் கண்டால் உப்பி, கோடையில் சுருங்கிப் பிளக்கும் இயல்புடையது. அந்த மண்மேல் போட்ட தரைத்தளக் கான்கிரீட் காலப்போக்கில் ஒரு பக்கம் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரையும் ரசமட்டத்தில் தன் சரிவைக் காட்டிவிடும். நான்கு கால் நிற்கும் இடங்களையும் சாக்பீஸால் குறித்து, கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலால் (நீர் நிரப்பிய தெளிகுழாயால்) ஒன்றுக்கொன்று உயர வேறுபாட்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும். நான்கு கால் சட்டகத்தில் ஒரு கால் அந்தரத்தில் நின்றால் மேலே செய்த கணக்கு எதுவும் செல்லாது.

டைல்ஸ் ஒட்டிய தரையானால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்கும் டைல்ஸுக்கு அடியில் காரை இல்லை என்று பொருள். அதன்மேல் கால்தகடு வைத்தால் விரிசல் நிச்சயம். கழுவும் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மின்பலகை எங்கே இருக்கிறது, கருவியின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வாசற்கதவின் தெளிவான அகலத்தை நிலைக்கும் நிலைக்கும் இடையே அளக்கக் கூடாது. கதவைத் திறந்து வைத்த நிலையில் அளக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஓர் ஆய்வகத்துக்காக 950 மி.மீ. அகலத்தில் சட்டகம் வரைந்தேன். அது வாசலில் வந்து நின்றபோது கதவு 840 மி.மீ.தான் விட்டது. பூச்சு முடிந்திருந்த சட்டகத்தை அங்கேயே அறுத்து, உள்ளே கொண்டுபோய் மீண்டும் வெல்டு செய்தோம். அந்தக் கருகிய மூட்டுகள் பல ஆண்டுகள் என் கண்முன்னே இருந்தன. இந்த எடுத்துக்காட்டில் அகலத்தை 700 மி.மீ. என்று வைத்ததற்கு முதற்காரணம் 820 மி.மீ. விடும் ஒரு கதவுதான்.

உயரம் எங்கிருந்து வருகிறது

சட்டகத்தின் உயரம் 900 மி.மீ. என்று குறிப்பில் எழுதியிருந்தது. ஏன் 900 என்று கேட்காமல் எந்த மாணவரும் முன்னே போகக் கூடாது. கலத்தின் அடியில் புனல்வாய் இருக்கிறது. உலர்ந்த நெல் அதன் வழியே கீழே வைத்த தொட்டியில் விழ வேண்டும். தொட்டியின் உயரமும் புனலின் உயரமும் கையை நுழைத்துத் தாழ்ப்பாளை இழுக்கும் இடமும் சேர்ந்தால் அந்த உயரம் வருகிறது. சரி, ஆனால் கலத்தின் வாய் அப்போது தரையிலிருந்து 2000 மி.மீ. உயரத்தில் போய் நிற்கும். 60 கிலோ நெல்லை ஒருவர் அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக் கொட்ட வேண்டும். இதைத் தாளில் பார்க்கிறவருக்கு ஒன்றும் தோன்றாது. நாள்தோறும் கொட்டப்போகிற உதவியாளரிடம் கேட்டால் முதல் வாக்கியத்திலேயே சொல்வார். தொட்டியைத் தாழ்வான அகலத் தொட்டியாக மாற்றினால் உயரத்தைக் குறைக்கலாம்; இல்லையேல் கைப்பிடி வைத்த படிமேடை ஒன்றைச் சட்டகத்தோடு சேராமல் தனியாகச் செய்ய வேண்டும். நாம் 900ஐ ஏற்று, படிமேடையைச் சேர்த்துக்கொள்கிறோம். படிமேடையைச் சட்டகத்தோடு இணைக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்; ஏறுகிறவரின் ஒவ்வொரு அடியும் கருவியை அசைக்கும்.

பொருளைத் தேர்ந்தெடுத்தல்

ஆங்கிள், சேனல், ஸ்கொயர் டியூப் மூன்றும் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். ஆய்வகத்துக்கு ஸ்கொயர் டியூப் பொருத்தமானது: தூசு தங்கும் விளிம்புகள் குறைவு, முறுக்கத்தைத் தாங்கும் திறன் ஆங்கிளைவிடப் பன்மடங்கு அதிகம், பார்வைக்கும் ஒழுங்காக இருக்கும். உள்ளீடற்ற எஃகுக் குழாய்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4923. அதில் ஒய்.எஸ்.டி. 210 என்ற தரத்துக்கு விளைவுத் தகைவு, அதாவது எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு, 210 மெகாபாஸ்கல். நம் எடுத்துக்காட்டுக்கு 50க்கு 50, சுவர்த் தடிப்பு 3 மி.மீ. குழாயை எடுப்போம்: மீட்டருக்கு எடை 4.25 கிலோ, வளைவை எதிர்க்கும் வடிவத்தின் அளவான நிலைமத் திருப்புத்திறன் ஏறத்தாழ 19.5 செ.மீ. நாற்படி, தகைவைக் கணக்கிட உதவும் வெட்டுமுகக் குணகம் ஏறத்தாழ 7.8 கன செ.மீ. கடையில் 3 மி.மீ. என்று சொல்லித் தரும் குழாயை வெட்டுமுனையில் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். 2.6 மி.மீ. இருந்தால் விறைப்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள்.

மாணவர்கள் இங்கே அடிக்கடி செய்யும் ஒரு தவறு உண்டு. சட்டகம் தொய்கிறது என்றால் உயர்பலத் தர எஃகுக்கு மாறலாம் என்று நினைக்கிறார்கள். பொருளின் விறைப்பைக் காட்டும் எண்ணான யங் குணகம் எஃகின் எல்லாத் தரத்துக்கும் ஏறத்தாழ 2 லட்சம் மெகாபாஸ்கல்தான். 210 தரக் குழாயும் 355 தரக் குழாயும் ஒரே சுமைக்கு ஒரே அளவு தொய்யும். தொய்வைக் குறைப்பது வடிவம். சுவர்த் தடிப்பை மாற்றாமல் பக்கத்தை 50இலிருந்து 60ஆக உயர்த்தினால் விறைப்பு 1.8 மடங்காகிறது, எடை கூடுவதோ ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பக்கத்தை 50இலேயே வைத்துத் தடிப்பை 5 மி.மீ. ஆக்கினால் எடை பாதிக்கு மேல் ஏறியும் விறைப்பு 40 விழுக்காட்டுக்குக் கீழேதான் ஏறும்.

பலத்தின் கணக்கு

சட்டகத்தின் மேல்தளம் 1200க்கு 700. நீளவாட்டில் இரு விட்டங்கள், அவற்றுக்கிடையே முனைகளில் இரண்டும் நடுவில் இரண்டுமாக நான்கு குறுக்குச் சட்டங்கள். கலம் நடுக்குறுக்குச் சட்டங்கள்மேல் அமர்கிறது. ப்ளோயரைக் கீழே இறக்கிவிட்டதாகக் கொண்டால் மேல்தளச் சுமை 195 கிலோ. ஒரு நீள விட்டத்துக்கு 97.5 கிலோ, அதாவது 956 நியூட்டன். உண்மையில் அது இரண்டு புள்ளிகளில் பிரிந்து இறங்குகிறது. ஆனால் முழுவதும் நடுவில் ஒரே புள்ளியில் இறங்குவதாகவும், விட்டத்தின் முனைகள் தடையின்றித் திரும்புவதாகவும் கொண்டால் நாம் பாதுகாப்பான பக்கத்தில் நிற்கிறோம்.

எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 800 (2007) வழியில் சுமையை 1.5ஆல் பெருக்கினால் 1435 நியூட்டன். கால்களின் மையத்துக்கு மையம் 1150 மி.மீ. சுமையை நீளத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் வளைவுத் திருப்புத்திறன் 0.41 கிலோ நியூட்டன் மீட்டர். அதை வெட்டுமுகக் குணகத்தால் வகுத்தால் தகைவு 53 மெகாபாஸ்கல். அனுமதி 210ஐ 1.1ஆல் வகுத்த 191. கால்களின் நெளிவைச் சொல்லவே வேண்டாம்: பக்கவாட்டில் அசையக்கூடிய மிக மோசமான நிலையைக் கொண்டாலும் ஒரு காலின் ஆய்லர் சுமை (கால் நெளியத் தொடங்கும் எல்லை) 130 கிலோ நியூட்டனுக்கு மேல், அதன்மேல் இறங்குவது ஒரு கிலோ நியூட்டன்கூட இல்லை. பலத்தின் கதை இத்துடன் முடிந்தது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான அறிக்கைகளும் முடிந்துவிடுகின்றன.

அதிர்வு

நடுவில் ஒரு புள்ளிச் சுமை இறங்கும் விட்டத்தின் தொய்வைக் கணக்கிட்டால் 0.78 மி.மீ. வருகிறது. நீளத்தின் முந்நூறில் ஒரு பங்கு என்ற வழக்கமான வரம்பு 3.8 மி.மீ. என்பதால் இதுவும் தேறிவிட்டது என்று தோன்றும். ஆனால் தொய்வு நமக்கு இன்னொரு செய்தியையும் தருகிறது. மி.மீ.இல் உள்ள தொய்வின் வர்க்கமூலத்தால் 15.76ஐ வகுத்தால் அந்த விட்டத்தின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பது, ஹெர்ட்ஸில் கிடைக்கும். கலம் நிரம்பிய நிலையில் அது 17.9. நெல்லைக் கொட்டிக் காலியாக்கினால் விட்டத்தின் சுமை 67.5 கிலோவாகக் குறைந்து, தொய்வு 0.54 ஆகி, அதிர்வெண் 21.5க்கு ஏறுகிறது.

ப்ளோயரின் மோட்டார் நான்கு துருவ மோட்டார். நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 சுற்று, அதாவது நொடிக்கு 24. ப்ளோயரைச் சட்டகத்தின் கீழ்வளையத்தில் (கால்களைத் தரையருகே சுற்றி இணைக்கும் சட்டங்களில்) இறுக்கியிருந்தால் அதன் அதிர்வு கால்கள் வழியாக மேலேறும். அது விட்டத்தின் இயல்பு அதிர்வெண்ணை நெருங்க நெருங்க ஆட்டம் பெருகும்; இதுவே ஒத்ததிர்வு. நிரம்பிய நிலையில் அது சற்றே பெருகும். காலி நிலையில் 24க்கும் 21.5க்கும் இடைவெளி குறைந்துவிடுவதால், தணிப்பைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், நான்கு மடங்காகப் பெருகும். அதிகச் சுமையில் சோதித்துவிட்டோம், குறைந்த சுமையில் கவலையில்லை என்ற எண்ணம் பலத்துக்குப் பொருந்தும். அதிர்வுக்கு அது தலைகீழ்.

இன்னும் ஒரு படி ஆழமாகப் போக வேண்டும். நாம் விட்டத்தின் முனைகள் தடையின்றித் திரும்புவதாகக் கொண்டோம். வெல்டு செய்த மூட்டு அப்படித் திரும்பாது. முற்றிலும் திரும்பாமலும் நிற்காது. முனைகள் முற்றிலும் இறுகியிருந்தால் தொய்வு நான்கில் ஒரு பங்காகி அதிர்வெண் இரு மடங்காகும். ஆகவே நிரம்பிய நிலையில் உண்மை அதிர்வெண் 18க்கும் 36க்கும் இடையே எங்கோ இருக்கிறது. ப்ளோயரின் 24 அந்த இடைவெளிக்குள்ளேயே விழுகிறது. கணினியில் எவ்வளவு நுட்பமாகப் பகுப்பாய்வு செய்தாலும் மூட்டின் விறைப்பை நாம் ஊகித்தே கொடுக்கிறோம் என்பதால், இந்தச் சட்டகம் ஒத்ததிராது என்று யாரும் உறுதி கூற முடியாது. பலத்தில் முறிவைத் தவிர்க்க உதவிய அதே எச்சரிக்கையான ஊகம், அதிர்வில் நம்மைத் தவறான பக்கத்தில் நிறுத்திவிடக்கூடும்.

வழி இரண்டு. ஒவ்வொரு நீள விட்டத்தின் நடுவிலும் ஒரு கால் கொடுத்தால் அதிர்வெண் பன்மடங்கு ஏறித் தப்பித்துவிடும்; ஆனால் நெல் தொட்டி உள்ளே நுழைய வழி இருக்காது. மற்ற வழி, ப்ளோயரைச் சட்டகத்திலிருந்து முற்றிலும் பிரித்து, பின்புறம் தரையில் கனமான தனிப் பீடத்தில் ரப்பர் மெத்தைமேல் நிறுத்தி, காற்றுக்குழாயைக் கித்தான் உறையால் இணைப்பது. நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். உறையை இழுத்துக் கட்டாமல் சற்றுத் தொளதொளப்பாக விட வேண்டும். இறுகிய கித்தான் அதிர்வைக் கடத்தும்.

பக்கவாட்டு ஆட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. குறுக்குத் தாங்கி இல்லாத நான்கு கால்களும் தரையில் கீல்போல நிற்பதாகக் கொண்டால் பக்கவாட்டு அதிர்வெண் ஏறத்தாழ 9 ஹெர்ட்ஸ் வருகிறது. கலத்தைக் கையால் தட்டினால் ஆடுவது கண்ணுக்குத் தெரியும். கீழ்வளையமும் மூலைத் தாங்கிகளும் அதற்காகவே. தொட்டி நுழையும் முன்பக்கத்தில் கீழ்வளையத்தின் சட்டத்தை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக மேல் மூலைகள் இரண்டிலும் 45 பாகையில் தாங்கி கொடுத்தோம்.

கவிழ்தல்

ஈர்ப்பு மையத்தின் உயரத்தை ஒவ்வொரு பகுதியின் எடையையும் உயரத்தையும் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்துக் காண்கிறோம். சட்டகத்தின் எடையை 60 கிலோ என்று கொண்டால், ப்ளோயர் மேல்தளத்தில் இருந்தபோது மையம் 1151 மி.மீ. உயரத்தில், கீழ்வளையத்துக்கு இறக்கியபோது 1031, வெளியே எடுத்தபோது 1160. அதிர்வுக்கு நல்லதாக இருந்த முடிவு நிலைப்புக்குக் கெட்டதாக முடிந்திருப்பதைக் கவனியுங்கள், ஏனெனில் அடியில் இருந்த 45 கிலோ பாரம் போய்விட்டது. இத்தகைய முரண் வடிவமைப்பில் இயல்பானது. ஒரு மாற்றம் செய்தவுடன் மற்றக் கணக்குகள் அனைத்தையும் மீண்டும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதற்குச் சலிக்கக் கூடாது.

இப்போது மொத்தம் 255 கிலோ. அகலவாட்டில் கால்களின் மையத்துக்கு மையம் 650 மி.மீ. பாதியான 325ஐ 1160ஆல் வகுத்தால் சாயும் கோணம் 15.6 பாகை. படிமேடையில் நிற்பவர் தடுமாறி 1.6 மீட்டர் உயரத்தில் கையை ஊன்றினால், 508 நியூட்டனில், அதாவது 52 கிலோ விசையில் சட்டகம் எழும்பத் தொடங்கும். ஒரு ஆளின் உடல் எடை சாயும்போது இது வரக்கூடிய விசைதான். எனவே தரையில் ஆங்கர் போல்ட் அடிப்பது கட்டாயம். 600 நியூட்டன் விசைக்குக் கணக்கிட்டால்கூட ஒரு போல்ட்டில் வரும் இழுவிசை 113 நியூட்டன்தான். எம் 10 போல்ட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் போல்ட்டின் பலம் அது பிடித்திருக்கும் கான்கிரீட்டின் பலத்தைத் தாண்டாது. டைல்ஸையும் அதன் காரையையும் கடந்து கான்கிரீட்டுக்குள் போதிய ஆழம் இறங்கியிருக்கிறதா என்பதைத் துளையின் ஆழத்தை அளந்தே உறுதி செய்ய வேண்டும்.

வரைபடமும் வெட்டுப் பட்டியலும்

குழாய் 6 மீட்டர் நீளத்தில் வருகிறது. வெளியளவுகளை அப்படியே கூட்டினால் நமக்கு 12.6 மீட்டர் தேவை, ஆக மூன்று குழாய். ஆனால் குறுக்குச் சட்டம் இரு விட்டங்களுக்கு இடையே பொருந்துவதால் அதன் உண்மை நீளம் 700 அன்று, 600. கால், விட்டத்துக்கு அடியில் 8 மி.மீ. கால்தகட்டின்மேல் நிற்பதால் 840. மீதி 2 மி.மீ. பேக்கிங்குக்கு (மட்டம் சரிசெய்யக் காலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகட்டுக்கு). அப்போது முதல் குழாயில் 1200 இரண்டும் 840 நான்கும் சேர்ந்து 5760. இரண்டாம் குழாயில் 600 ஆறும் 1100 இரண்டும் சேர்ந்து 5800. அறுப்புக்குத் துண்டுக்கு 3 மி.மீ. போனாலும் இரண்டே குழாய்களில் எல்லாம் அடங்கிவிடுகிறது. முன்பக்கக் கீழ்ச்சட்டத்துக்கு ஒதுக்கிய 1100 துண்டிலிருந்து மூலைத் தாங்கிகளையும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டு வரைபட முறை முதற்கோண வீச்சு; அதில் இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்தில் வரையப்படும், மூன்றாம் கோணத்தில் இடப்பக்கத்திலேயே. மென்பொருள் தன்னியல்பாக மூன்றாம் கோணத்தில் தந்தால் இடம் வலமாக மாறிச் செய்யப்பட்டுவிடும், குறியீட்டைச் சரிபாருங்கள். எந்த அளவு முக்கியம், எது முக்கியமில்லை என்பதை வரைபடம் சொல்ல வேண்டும். கலத்தின் கால்துளைகளுக்கு இடையே ஒரு மி.மீ. துல்லியம் வேண்டும், கீழ்வளையத்தின் உயரத்துக்கு ஐந்து மி.மீ. கூடக் குறைய இருந்தால் குற்றமில்லை. எல்லா இடத்திலும் ஒரே துல்லியத்தைக் கேட்டால் பட்டறையில் எதையும் பொருட்படுத்த மாட்டார்கள். வெட்டுப் பட்டியலைத் தனியே ஒரு தாளில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதிக் கொடுங்கள்.

பட்டறையில்

பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை 1960களில் வந்தபின் திருச்சி, துவாக்குடி வட்டாரத்தில் வளர்ந்த பட்டறைகளால் இந்தப் பகுதிக்கு நல்ல வெல்டர்கள் வாய்த்திருக்கிறார்கள். மாணவர் அவர்களிடம் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், வேலை முடியும்வரை உடன் நிற்க வேண்டும். மூட்டுகளை எந்த வரிசையில் பற்ற வைப்பது என்பதில் வெல்டர் சொல்வது பெரும்பாலும் உங்கள் பாடப்புத்தகத்தைவிடச் சரியாக இருக்கும்.

3 மி.மீ. சுவருக்கு 2.5 மி.மீ. ஈ 6013 வகை வெல்டிங் ராடு போதும். தடித்த ராடும் அதிக மின்னோட்டமும் சுவரைத் துளைத்துவிடும். 3 மி.மீ. ஃபில்லட் வெல்டு (இரு பரப்புகள் சேரும் மூலையில் இடும் வெல்டு) ஒரு மி.மீ. நீளத்துக்கு ஏறத்தாழ 320 நியூட்டன் தாங்கும்; ஆகவே மூட்டைச் சுற்றி அடைப்பது பலத்துக்காக அன்று, நீரும் தூசும் நுழையாமல் இருப்பதற்காக. முதலில் எல்லா மூலைகளிலும் டேக் (தற்காலிகச் சிறு பற்றவைப்பு) மட்டும் வைத்து, மூலமட்டத்தால் கோணம் பார்த்து, இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். 1200க்கு 700 சட்டத்துக்கு மூலைவிட்டம் 1389 மி.மீ.; இரண்டும் இரண்டு மி.மீ.க்குள் ஒத்திருந்தால் முழு வெல்டுக்குப் போகலாம். ஒரே மூலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். எதிரெதிர் மூலைகளாக மாறி மாறிப் போக வேண்டும்.

கலம் அமரும் நான்கு பாதத் தகடுகளைக் கடைசியாக, சட்டம் முழுவதும் குளிர்ந்த பிறகே வெல்டு செய்யுங்கள். துளையை அதற்கு முன்பே போடாமல், கலத்தின் அடித்தகட்டையே வார்ப்புருவாக வைத்துக் குறித்துப் போட்டால் பிழையே வராது. ஹீட்டர் பெட்டிக்கு ஒரு பக்கம் வட்டத் துளையும் மறுபக்கம் நீள்துளையும் போதும். சூட்டில் நீள அதற்கு இடம் வேண்டும்.

துருவும் எலியும்

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்துக் கடற்காற்றில் வெறும் ரெட் ஆக்ஸைடு மேல் அடித்த பெயின்ட் நெடுநாள் நிற்காது. உள்நாட்டில் தஞ்சை, கும்பகோணத்தில் எபாக்ஸி பிரைமருக்கு மேல் இரண்டு பூச்சு போதும். கடலோரத்தில் சூடான துத்தநாகக் குளியலுக்கு அனுப்புவதே நல்லது. அனுப்பினால் ஒவ்வொரு குழாயிலும் காற்றும் துத்தநாகமும் வெளியேறத் துளைகள் இருக்க வேண்டும். மூடிய குழாயை உருகிய துத்தநாகத்தில் இறக்கினால் உள்ளே சிக்கிய ஈரம் நீராவியாகிக் குழாய் வெடிக்கும். அங்கே வேலை செய்பவரின் உயிருக்கு ஆபத்து. குளியலுக்குப் பின் அத்துளைகளை அடைக்க வேண்டும். பெயின்ட் அடிக்கும் சட்டகத்திலும் விட்டங்களின் திறந்த முனைகளைத் தகடு வைத்து மூடிவிடுங்கள். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், 50 மி.மீ. குழாய் அதற்கு வீடு. கீழ்வளையத்தைத் தரையிலிருந்து 150 மி.மீ. உயர்த்தி வைத்ததும் உமித் தூசைத் துடைப்பத்தால் பெருக்கி எடுக்கத்தான்.

நிறுவுதலும் சோதனையும்

குறித்த இடங்களில் சட்டகத்தை நிறுத்தி, இரண்டு திசையிலும் ரசமட்டம் பார்த்து, தாழ்ந்த காலுக்கு அடியில் எஃகுப் பேக்கிங் கொடுத்து, பிறகு ஆங்கர் அடித்து, இடைவெளியைச் சுருங்காத கிரௌட்டால் நிரப்புங்கள். மரத்துண்டும் அட்டையும் பேக்கிங் ஆகா. மின் நில இணைப்புக்கான போல்ட்டைப் பூச்சைச் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்க வேண்டும்.

கருவியை ஏற்றும் முன் 50 கிலோ அரிசி மூட்டை ஐந்தை மேல்தளத்தின் நடுவில் அடுக்குங்கள். 250 கிலோ என்பது நம் 195 கிலோவைப்போல ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல். விட்டத்தின் நடுவில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்துத் தொய்வை அளந்தால், நம் கணக்குப்படி அது ஒரு மி.மீ.ஐத் தாண்டக் கூடாது. ஒருநாள் விட்டு மூட்டைகளை இறக்கியதும் முள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இந்த அளவு வெறும் தேர்ச்சிச் சான்றன்று. தொய்வு 0.5 மி.மீ. என்று வந்தால், 195 கிலோவுக்கு அது 0.39, அதிலிருந்து அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ். மூட்டின் உண்மையான விறைப்பு நமக்கு முதன்முறையாகத் தெரியவருவது இங்கேதான். அந்த எண் 24க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்த்தால், ப்ளோயரை ஏன் பிரித்தோம் என்பதும் விளங்கும்.

கருவியை ஏற்றிய பின் ப்ளோயரைக் காலிக் கலத்தோடு ஒரு முறையும் பாதி நெல்லோடு ஒரு முறையும் முழு நெல்லோடு ஒரு முறையும் ஓட்டி, கைபேசியின் அதிர்வுமானியை மேல்தளத்தில் வைத்துப் பதிவெடுங்கள். ஓட்டத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் வரும் சில நொடி நடுக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மேல்தளத்தின் பளு வரம்பு 195 கிலோ என்று தகட்டில் பொறித்து முன்விட்டத்தில் பதியுங்கள். நீங்கள் பயிற்சி முடித்துப் போன பிறகு யாராவது அதன்மேல் இன்னொரு கருவியை ஏற்ற நினைப்பார்கள். கணக்குத் தாளும் வெட்டுப் பட்டியலும் டயல் கேஜ் அளவும் கருவியின் கோப்பிலேயே இருக்கட்டும். ஒரு வாரம் ஓடிய பின் எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் ஒரு முறை ஸ்பானர் வைத்து இறுக்கி, நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட்டு தளர்ந்தால் அந்தக் கோடு விலகிக் காட்டிவிடும்.